கரீம் பாய் பெட்டியில் ஒரு பித்தளை வட்டம்

இவ்வளவு இரவில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் சேர்த்து மன்னித்துவிடுங்கள். என் மகள் நித்யா தூங்கிய பிறகுதான் பேனா என் கைக்கு வருகிறது. விழித்திருக்கும்போது அது அவளுடையது. நம் மீன் வளர்ப்போர் வட்டத்தின் சுற்றுத்தாளுக்குக் கரீம் பாயைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி ஸ்டீபன் சார் என்னிடம் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு பக்கத்தில் அடங்கவில்லை, சார். தவிர, நல்லவர், வல்லவர் என்று நாலு வார்த்தை எழுதிவிட்டு எழுந்துபோக எனக்கு மனம் வரவில்லை. நான் செய்த ஒரு தவற்றால் அவர் பெயர் கெட்டது. செய்தது நான்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் மிச்சம். அவர் செய்து கொடுத்த பெட்டியை வீட்டில் வைத்திருக்கும் உங்கள் நான்கு பேரையும் கேட்க வேண்டும்.

செய்தி என் வீட்டுப் போனில்தான் வந்தது. எங்கள் மயிலாப்பூர்க் கட்டடத்தில் ஆறு குடித்தனம். போன் எங்கள் வீட்டில் மட்டும். பாயின் விசிட்டிங் கார்டில் ‘லிப்ட் மெக்கானிக்’ என்பதற்குக் கீழே எங்கள் எண்ணும் பக்கத்தில், இது பக்கத்து வீட்டுப் போன் என்பதற்கு அடையாளமாக, ‘பி.பி.’ என்ற எழுத்துகளும் அச்சிட்டிருக்கும். அன்று காலை பதினொரு மணி. நித்யாவுக்கு ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். தேனாம்பேட்டையில் பாய் வேலை பார்க்கும் அலுவலகக் கட்டடத்திலிருந்து ஒருவர் பேசினார். “கீழ் வீட்டு மெஹர் அம்மாவைக் கொஞ்சம் கூப்பிடுங்க” என்றார். அந்த இடத்திலிருந்து போன் வந்தால் எப்போதும் பாய்தான் பேசுவார். “பாய் எங்க?” என்றேன். “அவங்கள மொதல்ல கூப்பிடுங்கம்மா” என்றார். அந்த ‘மொதல்ல’ என்ற சொல்லிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பாயின் மனைவி மெஹர் அக்காவை அழைக்கப் படி இறங்கினேன். பதினெட்டுப் படிகள். ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே இறங்கினேன். ஏன் எண்ணினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். லிப்ட்டின் மோட்டார் அறையில், கையில் டெஸ்டருடன், மாரடைப்பு. ஐம்பது வயது ஆகவில்லை.

பாயை எனக்கு நெருக்கமாக்கியது என் பயம்தான். நித்யா தவழத் தொடங்கிய நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. கட்டடத்தின் வாசலிலேயே தரைக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி, சம்ப். லாரித் தண்ணீர் வரும் நாட்களில் இரும்பு மூடியைத் திறப்பார்கள். மூடிவிட்டுப் போவது அவரவர் நல்ல மனதைப் பொறுத்தது. நான் பால்கனியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒருநாள் பாய் கீழே ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அண்ணாந்து பார்த்தார்.

“இன்னா தங்கச்சி, யாரத் தேடற? நான் வந்ததுலேர்ந்து ஒம்போது தபா எட்டிப் பாத்துட்ட.”

“சம்ப் மூடி, பாய். குழந்தை எப்பவாவது...”

“குழந்தை மாடில கீது. சம்பு தரைல கீது. நடுவுல பதினெட்டு படி கீது.”

“படியை நினைச்சாலும் பயமாத்தான் இருக்கு, பாய்.”

மற்றவர்கள் இதற்குச் சிரிப்பார்கள். ‘எல்லாக் குழந்தையும் வளரலையா?’ என்பார்கள். பாய் சிரிக்கவில்லை. ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சம்ப் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் சமையலறையில் ஒரு மணி வந்துவிட்டது. சம்ப் மூடி ஒரு விரல் உயர்ந்தால் போதும், மேலே மணி அடிக்கும். “லிப்ட்டு கதவு தொறந்துகினு இருந்தா லிப்ட்டு நவுறாது, தெரியுமில்ல? அந்த ஸ்விட்ச்தான் இது. இனிமே நீ மூடியப் பாக்க வேணாம். மூடியே உன்னக் கூப்புடும்” என்றார்.

எண்ணுவதைக் கற்றதும் அவரிடம்தான். யாராவது லிப்ட்டில் மாட்டிக்கொண்டால் அவர் வெளியிலிருந்து ‘பயப்படாதீங்க’ என்று சொல்லவே மாட்டாராம். “உள்ள பட்டன் பலகைல எத்தினி ஸ்குரு கீது, எண்ணிச் சொல்லுங்க சார்” என்று கேட்பாராம். உள்ளே இருப்பவர் எண்ணுவார். “சரியாப் பாருங்க, ஒண்ணு கொறையுதே” என்பாராம். அவர் மறுபடி எண்ணி முடிப்பதற்குள் கதவு திறந்துவிடும். “பயம் வந்தா ஒரு கேள்விய கைல எடுத்துக்க தங்கச்சி. பயந்த கை நடுங்கும். கேள்வி கேக்கற கை வேல செய்யும்.” இதை அவர் என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

இனி மீன் தொட்டி. அவர் வீட்டு முன்னறையில் இருந்த மூன்றடித் தொட்டியை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். மாதக் கூட்டத்தில் அதைச் சுற்றித்தானே உட்காருவோம்! நம் ஊர் வெயிலில் மின்விசிறிக் காற்றும் சேர்ந்தால் தொட்டித் தண்ணீர் தினமும் குறையும். இரண்டு விரல் இறங்கினால் வடிகட்டி காற்றை உறிஞ்சிக்கொண்டு கத்தத் தொடங்கும். போர்வெல் தண்ணீரை ஊற்றினால் கண்ணாடியில் உப்புப் பூக்கும். அதனால் குழாயில் வரும் நல்ல தண்ணீரை நீல டிரம்மில் பிடித்து மூன்று நாள் வைத்திருந்து ஊற்றுவார். பழுது என்று கூப்பிட்டால் வேலைக்குக் கிளம்பிவிடும் மனிதர் தினமும் எப்படி ஊற்றுவது? அதற்குத்தான் அந்தப் பெட்டி. பழைய பேனாவின் உடல் ஒன்று தொட்டிக்குள் நெட்டுக்குத்தாக நிற்கும். அதில் கோத்த தெர்மாகோல் வளையம் தண்ணீரோடு ஏறி இறங்கும். வளையத்தில் ஒரு குட்டிக் காந்தம். பேனாவுக்குள், காந்தத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும் ஒரு ஸ்விட்ச். தண்ணீர் இறங்கினால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும், டிரம்மில் கிடக்கும் சின்ன மோட்டார் ஓடும். மட்டம் ஏறியதும் பச்சை, மோட்டார் நிற்கும். நித்யா இடுப்பில் இருந்தபடி ‘செப்பு... பச்சை...’ என்று சொல்லக் கற்றதே அதைப் பார்த்துத்தான். மெஹர் அக்கா மட்டும், “மீன் தாகத்துக்கு மோட்டார் வெச்ச மனுசன் எனக்கு ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடுத்திருப்பாரா, கேளு” என்பார்.

அந்தப் பெட்டியைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் ஸ்டீபன் சாரும் பாலவாக்கம் டாக்டரும், அசோக் நகரிலும் அடையாற்றிலும் இருக்கும் இருவரும் ஆளுக்கொன்று செய்து வாங்கிக்கொண்டீர்கள்.

போன வருடம் ஆயுத பூசை சமயத்தில் பாயும் அக்காவும் ஒரு கல்யாணத்துக்காக வாணியம்பாடி போனார்கள். சாவியை என்னிடம் கொடுத்து, காலையில் ஒரு சிட்டிகை தீனி போட்டால் போதும், தண்ணீரைப் பெட்டி பார்த்துக்கொள்ளும் என்றார். பூசையன்று காலை எங்கள் வீட்டில் தையல் மிஷின், மிக்ஸி, கணவரின் ஸ்கூட்டர், அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். சந்தனக் கிண்ணம் ஒரு கையில், நித்யா இடுப்பில், அப்படியே தீனி போடக் கீழே போனேன். பூட்டிய வீட்டில் அந்தப் பெட்டி தன்னந்தனியாக வேலை செய்துகொண்டிருந்தது. சிவப்பு, பிறகு பச்சை. ஊரில் இருக்கிற இரும்பு, தகரம் எல்லாம் அன்று பொட்டு வைத்துக்கொண்டு ஓய்வெடுக்க, இது மட்டும் வெறும் நெற்றியோடு உழைக்கிறதே என்று தோன்றியது. பாய் வீட்டில் அந்த வழக்கம் இல்லை என்பது தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் கை நிற்கவில்லை. பெட்டியின் முகத்தில் ஒரு பொட்டு வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். உண்மையில் வேலை செய்வது அந்த மிதவைதானே என்று நினைத்து, அதற்கும், அது ஏறி இறங்கும் பேனாத் தண்டுக்கும் தாராளமாகச் சந்தனம் பூசினேன். தண்ணீரை ஒழுங்காகப் பார்த்துக்கொள் என்று ஒரு வேண்டுதலும் வைத்தேன்.

மறுநாள் காலை போனபோது கதவுக்கு அடியிலிருந்தே தண்ணீர் வந்துகொண்டிருந்தது. உள்ளே டிரம் காலி. ஜமக்காளம் மிதக்கிறது. ஐந்து கப்பி மீன்கள் தண்ணீரோடு விளிம்பைத் தாண்டித் தரையில் கிடந்தன, இரண்டு பிழைத்தன. என்ன நடந்தது என்பது எனக்கு அந்த நிமிடமே விளங்கியது. தண்டில் சந்தனம் காய்ந்து கெட்டியாகி, மிதவையை ஏற விடாமல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் இல்லை என்று நினைத்து மோட்டார் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. கடைசியில் அதே தண்ணீர் சந்தனத்தைக் கரைத்து மிதவையையும் விடுவித்துவிட்டது. நான் பார்த்தபோது ஒன்றுமே நடக்காததுபோல் பச்சை விளக்கு எரிந்தது.

இங்கேதான் நான் அந்த வேலையைச் செய்தேன். தரையைத் துடைத்த துணியாலேயே பெட்டியின் முகத்தில் இருந்த பொட்டையும் துடைத்துவிட்டேன். குடிக்கத் தண்ணீர் இல்லாமல் ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் நேரத்தில் ஒரு டிரம் நல்ல தண்ணீரைத் தரையில் கொட்ட வைத்தவள் நான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவர் வீட்டுப் பொருளில் என் வீட்டுச் சந்தனம் என்பது வேறு கூச்சமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து அவர்கள் திரும்பியதும், “என்னன்னே தெரியல பாய், காலைல வந்து பாத்தா ஒரே தண்ணி” என்றேன். என் கணவரிடமும் அதையேதான் சொன்னேன். அவருக்கும் இந்தத் தாளைப் படித்துத்தான் உண்மை தெரியப்போகிறது.

பாய் கோபப்படவில்லை. வந்த சட்டையோடு தொட்டி முன் உட்கார்ந்து மிதவையை விரலால் ஏற்றி இறக்கினார். சிவப்பு, பச்சை. சிவப்பு, பச்சை. “ஒயுங்காத்தான கீது! அப்புறம் இன்னாத்துக்கு அன்னிக்கி மட்டும் நின்னுச்சி?” அவர் குரலில் வருத்தத்தைவிட ஆவல்தான் இருந்தது. மிதவையைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார். முகர்ந்தார். எதையும் முகர்ந்து பார்ப்பது அவர் பழக்கம். கருகிய காயிலா, ஈரம் பட்ட ஒயரா என்று மூக்கால்தான் சொல்வார். அப்போது என் இடுப்பிலிருந்த நித்யா பெட்டியைக் கைநீட்டிக் காட்டி, “பொட்டு! மாமா, பொட்டு!” என்றாள்.

பாய் மிதவையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே, அவள் நெற்றியைத் தொட்டு, “ஆமாண்டா கண்ணு, உன் பொட்டு அயகா கீது” என்றார். மிதவையை மெதுவாகத் தண்டில் கோத்தார். “தண்ணி பொய் சொல்லாது தங்கச்சி. தண்ணியப் பாத்து சொல்றான் பாரு, அவன்தான் பொய் சொல்லுவான்.” அவர் மிதவையைத்தான் சொன்னார் என்று அன்று நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அடுத்து நடந்தது உங்களுக்கே தெரியும். அந்த வாரமே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு உங்கள் நான்கு வீட்டுக்கும் வந்து பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு போனார். மாதக் கூட்டத்தில் டாக்டர், “பாய், மிதவை ஏன்யா மாட்டிச்சு?” என்று கேட்டபோது, நான் தட்டில் பிஸ்கட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“நத்தை சார்” என்றார் பாய். “தொட்டில நத்தை கீதுல்ல? அது தண்டுல ஏறி குந்திகினு மெதவய வுடல.”

“ஒரு நத்தை ஒரு டிரம் தண்ணியக் காலி பண்ணிடுச்சா?”

“சின்ன நத்தைதான் சார். ஆனா நம்ம மூளைய விடப் பெரிசு.”

எல்லோரும் சிரித்தீர்கள். அன்றிலிருந்து அவர் ‘நத்தை பாய்’ ஆனார். லிப்ட்டில் ஏறினால்கூட, “பாய், உங்க லிப்ட்டுல நத்தை இல்லையே?” என்று கேலி. டாக்டர் மட்டும் புதுப் பெட்டி வந்த பிறகும் மூன்று மாதம் அதை மாட்டவில்லை. பாயும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துவிட்டு, “தப்பு என்னுதுதான் சார்” என்பார். “லிப்ட்டுக்கு மேல ரெண்டு ஸ்விட்ச்சு உண்டு. ஒண்ணு நிக்க சொல்லும். அத்த மீறிப் போச்சுன்னா, இன்னொண்ணு கரண்டையே புடுங்கிடும். வேலைல இருவது வருசமா ரெண்டு வெக்கறேன். வூட்டுல ஒண்ணோட வுட்டுட்டேன். மாட்டுனது நத்தையோ, மனுசனோ, எது மாட்டுனாலும் தண்ணி நின்னிருக்கணும்.” தொட்டியிலிருந்த நத்தைகளையெல்லாம் பிடித்து ஒரு ஹார்லிக்ஸ் புட்டியில் போட்டு யாருக்கோ கொடுத்துவிட்டார். என் சந்தனத்துக்காக அந்தப் பாவப்பட்ட பிராணிகள் வீட்டை விட்டுப் போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்க அதைவிட நல்ல சமயம் இருந்திருக்காது. திறக்கவில்லை.

புதிய பெட்டிகளில் இரண்டு மிதவைகள். கீழே உள்ளது மோட்டாரை நிறுத்தும். அது தவறினால் மேலே உள்ளது மின்சாரத்தையே துண்டித்து மணி அடிக்கும். இரண்டையும் சுற்றித் துளை போட்ட பி.வி.சி. குழாய், அதற்கு ஒரு மூடி. ‘நத்தை வராம இருக்க’ என்றார். நத்தையே இல்லாத தொட்டிக்கு நத்தைக் காவல் எதற்கு என்று நாம் யாரும் கேட்கவில்லை. இன்னொன்றையும் நான் கவனித்தேன். பெட்டியின் முகத்தில், விளக்குகளுக்கு மேலே, ஒரு ரூபாய் அளவில் ஒரு பித்தளை வட்டம். நடுவில் இலேசான குழிவு, ஓரத்தில் சின்ன வரம்பு. மற்ற எல்லாவற்றுக்கும் கீழே பெயின்ட்டால் பெயர் எழுதியிருந்தார். இதற்கு மட்டும் எழுதவில்லை.

“இது எதுக்கு, பாய்?”

“வேல கீது தங்கச்சி அதுக்கு. வருசத்துல ஒரு நாள்.”

ஏதோ சோதனை செய்யும் இடம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பாய் போன பிறகு மெஹர் அக்கா வாணியம்பாடிக்கே தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது, “தொட்டிய உன் மாடிக்கு ஏத்திக்கோ. உன் பொண்ணு கிட்டதான் அந்த மீனுங்க பேசும். எனக்குத் தண்ணி தொறந்து வுட்டா மனுசன் ஞாபகம் வருது” என்றார். நான்கு பேர் தூக்கி, பதினெட்டுப் படி ஏற்றினோம். பெட்டியை மாட்டும்போது என் கணவர் திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்த்தார். ஒவ்வொரு ஒயரும் எங்கே போகிறது என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தோம். அந்தப் பித்தளை வட்டத்துக்கு ஒயரே இல்லை. வெறுமனே இரண்டு ஆணியால் பெட்டியில் பதித்திருந்தது. “சும்மா அழகுக்கு வெச்சிருப்பார்” என்றார் கணவர். பாய் அழகுக்கு எதையும் வைக்கிறவர் இல்லை.

போன வாரம் ஆயுத பூசை. சந்தனக் கிண்ணத்தோடு தையல் மிஷினுக்கும் மிக்ஸிக்கும் வைத்துவிட்டுத் தொட்டி முன்னால் வந்தேன். இந்த முறை தொடக்கூடாது என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நித்யாவுக்கு இப்போது மூன்றரை வயது. “இங்க வைம்மா” என்று அந்த வட்டத்தில் விரலை வைத்தாள். குனிந்து பார்த்தேன். விளக்குக்கும் ஒயருக்கும் ஈரம் படாத இடம். வழிந்தால் நிற்க ஒரு வரம்பு. மோதிர விரல் நுனி சரியாகப் பொருந்தும் குழிவு. மிதவைகளோ குழாய்க்குள், யார் கையும் படாத இடத்தில். வருடத்தில் ஒரு நாள் வேலை என்றாரே!

வைத்தேன். குங்குமமும் வைத்தேன். சிவப்பு எரிந்தது, மோட்டார் ஓடியது, பச்சைக்கு மாறியது, நின்றது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இவை: ஒரு தொட்டி, சமையலறையில் ஒரு மணி, பயம் வந்தால் எண்ணும் பழக்கம், ஒயரில்லாத ஒரு பித்தளை வட்டம். நத்தைகள் மேல் குற்றமில்லை. மிதவை மேலும் இல்லை. அவரை ‘நத்தை பாய்’ என்று அழைத்தவர்கள் இனி அப்படிச் சொல்ல வேண்டாம். சொன்னால் என் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆனால் என் கேள்வி இன்னும் தீரவில்லை. பாயின் சொந்தப் பெட்டியில் மட்டும்தான் அந்த வட்டம் இருக்கிறது என்றால், அந்த வீட்டுச் சாவி இருந்தது என்னிடம்தான் என்பதால், அது எனக்காகவே வைத்தது. எல்லாம் தெரிந்துதான் கிட்டத்தட்ட ஒரு வருடம் எனக்காகக் கேலியைச் சுமந்திருக்கிறார். உங்கள் பெட்டிகளிலும் இருக்கிறது என்றால், யார் என்று தேடாமல், எந்த வீட்டிலும் ஒருத்தி இப்படிச் செய்வாள் என்று கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார். ஸ்டீபன் சார் வீட்டில் ஆயுத பூசை கிடையாது. சார் பெட்டியிலும் இருந்தால், அது பொட்டு வைக்கத்தானா என்று நான் முதலிலிருந்து யோசிக்க வேண்டும். உங்கள் பெட்டியின் முகத்தில், விளக்குகளுக்கு மேலே, ஒரு முறை பார்த்துவிடுங்கள். இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. ஒரு வரி போதும். போனிலும் சொல்லலாம். எண் உங்களிடம் இருக்கிறது: பாயின் கார்டில் பி.பி. என்று போட்டிருக்குமே, அதுதான். தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.